அகரத்துக்கு முன்னே ஐந்து கோடுகள்

எழுபதுகளின் நடுவில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும், எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஞாயிறுதோறும் எங்கள் வேதக்கோயிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் பாடுவேன். எல்லாரும் விரிப்பார்கள், நானும் விரிப்பேன். பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். பக்கத்தில் இருப்பவர்கள் தாள் திருப்பும்போது நானும் ஒரு தாள் திருப்புவேன். அப்படியே வருஷங்கள் போயின.

எங்கள் எஸ்டேட் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டிக்குப் போகிற பாதைக்கு மேலே இருந்தது. தேயிலைச் சரிவின் நடுவில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். சபைப் போதகரான ஐயர் மாதம் ஒருமுறை மூணாறிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது உபதேசியார். பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அவர் குரல் எழும்பினால் மழைச் சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிறு, எஸ்டேட் ஆசுபத்திரிக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பாதிப் பாட்டில் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, புக்கு தலைகீழா இருக்குல்லா."

எனக்குக் காது மடல் சுட்டது. அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மெதுவாக வாங்கி, நேராக்கி, என் கையிலேயே கொடுத்துவிட்டுத் தன் பாட்டைப் பாடினாள். நான்தான் அதற்குப் பிறகு பாடவில்லை.

ஆராதனை முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகப் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கோயில் மூலையில் ஒரு மிதி ஆர்மோனியம் கிடந்தது. பழைய வெள்ளைக்காரத் துரையின் மனைவி ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. அதன்மேல் பூ ஜாடி வைப்போம், அவ்வளவுதான். அந்த நர்ஸ் ஜாடியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, காலால் மிதித்து, இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்தாள். துருத்தியில் எங்கேயோ ஓட்டை. இரைப்புக்காரன் மூச்சு மாதிரி இழுத்து இழுத்து வந்தது. ஆனாலும் அது பாட்டுதான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் வேறு வேறாகப் பாடி, ஆனால் சண்டை போடாமல் சேர்ந்து போவது மாதிரியான பாட்டு.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவளுக்கு முன்னால் ஒரு புத்தகம் இருந்தது. அதில் எழுத்து இல்லை. கோடுகளும் கறுப்புப் புள்ளிகளும்தான். ஓடையில் தவளைக்குஞ்சு அடைந்து கிடக்கிற மாதிரி.

"சிஸ்டர், இதுல எதைப் பாத்து வாசிக்கிய?"

"இந்தப் புள்ளியைப் பாத்துதான் அக்கா. ஏணி மாதிரி நெனச்சுக்கோங்க. புள்ளி மேல ஏறினா சத்தமும் ஏறும். கீழ எறங்கினா எறங்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்ப வாசிக்க ஆரம்பித்தாள். நான் அந்தப் புள்ளிகளையே பார்த்தேன். சரிவில் பிறந்து சரிவிலேயே வேலை செய்பவளுக்கு ஏறுவதும் இறங்குவதும் புதிதா? புள்ளி ஏறியது, சத்தம் ஏறியது. இரண்டு புள்ளி ஒரே படியில் நின்றன, சத்தமும் நின்றது. என் கண் அந்தத் தாளின்மேல் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரி முடியப் போகும்போது அவள் தாளைத் திருப்பக் கையை எடுத்தாள். அதற்குள் நான் திருப்பிவிட்டேன்.

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்காவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"தெரியாதும்மா."

"பெறகு எப்படித் திருப்புனிய?"

"புள்ளி தீந்து போச்சுல்லா?"

அன்று நான் வீட்டுக்குப் போன வழி ஞாபகமில்லை. ஒரு தாளைப் பார்த்து, அதில் இருப்பது இன்னது என்று புரிந்துகொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானங்களில், சோறு பொங்கி வைத்துவிட்டு, பிள்ளைகளை அவர்கள் அப்பாவிடம் விட்டுவிட்டு, கோயிலுக்கு ஓடுவேன். நர்ஸ் ஆசுபத்திரி வேலை முடிந்து வருவாள். அவள் போர்டிங் பள்ளியில் படிக்கும்போது ஆர்மோனியம் கற்றவள். யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் எனக்கு எது கஷ்டமாக இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் தட்டுத் தடுமாறித்தான் போனோம்.

ஐந்து கோடு. கோட்டின்மேல் ஒரு புள்ளி உட்காரும், இரண்டு கோட்டுக்கு நடுவிலும் ஒன்று உட்காரும். தோ என்கிற முதல் சுரம் கோடுகளுக்குக் கீழே, தனக்கென்று ஒரு துண்டுக் கோடு போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். பெட்டியில் தோ எங்கே என்றால், இரண்டு கறுப்புக் கட்டைகள் ஜோடியாக இருக்கும் இடத்தில், அந்த ஜோடிக்கு இடப்பக்கத்து வெள்ளைக் கட்டை. இதையெல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன்.

தடுக்கி விழுந்தது கணக்கில்தான். புள்ளி கறுப்பாக நிறைந்திருந்தால் ஒரு தட்டு. உள்ளே வெறுமையாக இருந்தால் இரண்டு தட்டு. அதுவரை சரி. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்திருந்தால், அதன் நீளத்தில் பாதி கூடச் சேரும் என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். திரும்பத் திரும்பத் தப்பாகத் தட்டினேன். கடைசியில் அவள் சலித்துப் போய், "அக்கா, ரெண்டு படி அரிசி போடுதிய. போதலைன்னு அதுல பாதி இன்னும் போடுதிய. எத்தனை படி?" என்றாள்.

"மூணு."

"அதான் அந்தப் பொட்டு."

"இதை மொதல்லயே சொல்லிருக்கலாம்லா!"

இரண்டு பேரும் சிரித்தோம். அதே பொட்டைப் புள்ளிக்குப் பக்கத்தில் வைக்காமல் தலைக்கு மேல் வைத்தால், அந்தச் சத்தத்தை நீட்டாமல் வெடுக்கென்று வெட்டிவிட வேண்டும் என்றும் அன்றே சொன்னாள். பக்கத்தில் வைத்தால் நீளும், தலையில் வைத்தால் வெட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிபடாதது மௌனம். பாட்டுக்கு நடுவில் சும்மா இருக்க வேண்டிய நேரத்துக்கும் ஒரு குறி போட்டிருந்தார்கள். கோணல்மாணலாக, மின்னல் வெட்டினது மாதிரி. அங்கே ஒரு தட்டு நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் கொழுந்து கிள்ளுகிற கைக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? என் வாய்க்கும் தெரியவில்லை. மின்னல் வரும் முன்னே அடுத்த சுரத்தில் குதித்துவிடுவேன்.

மலையில் கொழுந்து எடுக்கும்போதும் பழகினேன். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் தோ ரே மி என்று ஏறி இறங்குவேன். கூட நின்ற பெண்கள் கேலி செய்வார்கள். "இவளுக்கு என்னமோ ஆயிட்டு, ஆட்டைக் கூப்பிடுத மாதிரி மே மேங்கா." கங்காணி கீழிருந்து சத்தம் போடுவார். நான் குரலைக் குறைப்பேனே தவிர நிறுத்த மாட்டேன்.

என் வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில் ரோலர் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர். தாளத்துக்கும் லயம் என்று சொல்வார்கள் என்று நர்ஸ் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"ஏளா, லயத்துல ஒழுகுத கூரைக்கு மொதல்ல ஒரு தாளம் சொல்லு" என்றார்.

ஆனால் ஆர்மோனியத்தின் மிதிப் பட்டை அறுந்துபோனபோது அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு முழுக்க அந்தப் பெட்டியைப் பின்பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கித்தான் துணியை மடித்துத் தைத்துப் பட்டை போட்டார். துருத்தியில் இருந்த ஓட்டைக்கு சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினார். நர்ஸ் உட்கார்ந்து வாசித்தாள். இரைப்பு போய்விட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இவ எதைப் படிக்கான்னு நானும் கொஞ்சம் பாக்கட்டா?" என்றார். அவர் ஏழாவது வரை படித்தவர். தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு மண்ணும் தெரியல" என்றார். அதை அவர் வாயால் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பாவம்.

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு ஒரு பாட்டை இரண்டு குரலில் பாட வேண்டும் என்று நர்ஸுக்கு ஆசை. மேல்குரல் எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. கீழ்க்குரல் புதிது. பெரிய சார்ட் தாளில் கோடு கிழித்து, சுரம் போட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே அதற்குரிய எழுத்துகளைப் பிரித்துப் பிரித்துத் தமிழில் எழுதினாள். மேல்குரல் புள்ளிகளுக்குத் தண்டு மேல்நோக்கி, கீழ்க்குரலுக்குக் கீழ்நோக்கி. சுவரில் ஒட்டினோம்.

உபதேசியாருக்கு அது பிடிக்கவில்லை.

"சிஸ்டர், நாங்க காதால கேட்டுப் பாடுதவங்க. பெரியவங்க பாடினாங்க, நாங்க பிடிச்சுக்கிட்டோம். ஆளுக்கொரு மெட்டைப் பாடினா அது ஆராதனையா, சந்தையா?"

"ஒருதடவை கேட்டுப் பாருங்க ஐயா. சரியில்லைன்னா விட்டுருவோம்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

பயிற்சி தொடங்கிச் சில நாளிலேயே நர்ஸின் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. வட்டவடையிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மூணாறுக்குப் போன ஒரு ஜீப்பை நிறுத்தி, மூட்டைகளுக்கு நடுவில் அவளை ஏற்றிவிட்டோம். ஜீப் கிளம்பும்போது, "அக்கா, சார்ட் இருக்கு. நீங்க இருக்கிய" என்றாள். அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாளோ தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கோயிலில் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றோம். உபதேசியார் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

"புள்ளி தெரியும் ஐயா. கீழ எழுதிருக்கது தெரியாது."

"எனக்குக் கீழ இருக்கது தெரியும். மேல இருக்கது தெரியாது." ஒரு குச்சியைக் கையில் எடுத்தார். "சரி, வா. நீ மேல படி. நான் கீழ படிக்கேன்."

அப்படித்தான் அந்தக் கிறிஸ்மஸ் பாட்டு தயாரானது. நான் ஒரு விரலால் பெட்டியில் சுரத்தைத் தொட்டு, லா லா என்று பாடிக் காட்டுவேன். அவர் அந்த இடத்துச் சொல்லைக் குச்சியால் காட்டிப் படிப்பார். பெண்களில் பாதிப் பேரும், ஃபாக்டரி ஆண்கள் சிலரும், என் வீட்டுக்காரரும் கீழ்க்குரல். மௌனக் குறி வரும் இடத்தில் ஆண்களில் ஒருவர்கூட நிற்கவில்லை. எருமை வயலில் இறங்குகிற மாதிரி இறங்கினார்கள். எனக்கே பழகாத விஷயத்தை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

"அந்த எடத்துல எல்லாரும் மூச்சு இழுங்க. மூச்சு இழுக்கும்போது எவராலயும் பாட முடியாதுல்லா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. எல்லாரும் சேர்ந்து மூச்சு இழுத்தார்கள். அந்த ஒரு தட்டு மௌனம் வந்தது. அதற்குப் பிறகு கீழ்க்குரல் எழுந்து மேல்குரலோடு சேர்ந்தபோது என் கையில் மயிர்க்கூச்செடுத்தது. உபதேசியார் குச்சியைக் கீழே இறக்கிவிட்டார்.

"இன்னொருக்கா" என்றார். அவருக்கும் பிடித்துவிட்டது.

அப்போதுதான் இன்னொன்று நடந்தது. பாட்டில் அல்லேலூயா என்று திரும்பத் திரும்ப வரும். நாலு சுரம். அல், லே, லூ, யா. கடைசி யா மட்டும் உள்ளே வெறுமையான புள்ளி, நீட்ட வேண்டும். அதைப் பல தடவை பாடிக் காட்டியதில், என் கண் தன்னையறியாமல் சுரத்துக்குக் கீழே இறங்கியது. அங்கே ஒரே உருவம் மூன்று தடவை நின்றது. முதலாவதன் தலையில் ஒரு புள்ளி. இரண்டாவதற்கு முன்னால் ஒரு கொக்கி. மூன்றாவதற்குப் பின்னால் ஒரு வால். வாயில் ல், லே, லூ. கண்ணில் அதே உடம்பு, வேறு வேறு நகை.

நான் பாடுவதை நிறுத்திவிட்டேன்.

"ஐயா, இது ல-தான?"

உபதேசியார் திரும்பிப் பார்த்தார். "எது?"

"இதும் ல, இதும் ல, இதும் ல. மொதல் ல-க்குத் தலையில புள்ளி. அதனால அது நீளாது, வெட்டிருது. ல்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. குச்சியை என் கையில் கொடுத்தார்.

"வேற எங்கெல்லாம் ல இருக்குன்னு காட்டும்மா."

நான் அந்தத் தாள் முழுக்கத் தேடினேன். பாலன் என்கிற இடத்தில் ஒன்று. உலகம் என்கிற இடத்தில் ஒன்று. பாட்டு எனக்கு மனப்பாடம், எந்தச் சுரத்துக்குக் கீழே எந்தச் சொல் வரும் என்று தெரியும். அதனால் ல கிடைத்ததும் அதன் அக்கம்பக்கத்தில் நிற்பவர்களும் பிடிபட்டார்கள். பாலனில் இருந்து பா. பா தெரிந்தால் ப. தலையில் புள்ளி போட்டவை எல்லாம் வெட்டுகிறவை. அன்று பயிற்சி அதற்கு மேல் நடக்கவில்லை. எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுத்துப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். பனியினால் என்றார்.

கிறிஸ்மஸ் காலையில் பாடினோம். கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டோம், நடுவில் ஒரு பெண்ணுக்கு இருமல் வந்தது. ஆனாலும் மூச்சு இழுக்கும் இடத்தில் எல்லாரும் மூச்சு இழுத்தோம். மூணாறு ஐயர் வந்திருந்தார். "இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். உபதேசியார், "எங்க சிஸ்டர் எழுதிப் போட்டது. இந்த அம்மா படிச்சுக் காட்டினது" என்றார். படிச்சு என்றார். அந்தச் சொல்லை என்னைப் பற்றி யாரும் அதுவரை சொன்னதில்லை.

புது வருஷத்தில் நர்ஸ் திரும்பி வந்தாள். அம்மா தேறிவிட்டார்கள். வந்த ஞாயிறே அவளுக்குப் பாடிக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டாள். முகம் பூவாக மலர்ந்தது. கீழ்க்குரலில் ஒரு இடத்தில் மட்டும் புருவம் சுருங்கியது. பாடி முடித்ததும் பெட்டியில் உட்கார்ந்து அந்த இடத்தை வாசித்தாள்.

"அக்கா, இந்த ஃபா கறுப்புக் கட்டையில்லா? நீங்க வெள்ளையைப் பாடுதிய."

"சார்ட்ல அப்படி ஒண்ணும் போடலயே."

"வரி தொடங்குத எடத்துல போட்டிருக்கேன் பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், காது மாதிரிச் சுருண்ட அடையாளத்துக்கு அடுத்து, ஜன்னல் கம்பி மாதிரி ஒரு குறி. நான் அதை அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். வாசலில் தோரணம் கட்டுவதில்லையா, அது மாதிரி.

"அங்க ஒருக்கா போட்டா அந்த வரி பூரா ஃபா கறுப்புல ஏறணும் அக்கா."

"இதை முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லுததுக்கு முன்னால தந்தி வந்துட்டுல்லா!"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஐயர் முன்னால், இத்தனை சனத்துக்கு முன்னால் தப்பாகப் பாட வைத்துவிட்டேனே. உபதேசியார் இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வெள்ளை, பிறகு கறுப்பு. திரும்ப வெள்ளை, திரும்பக் கறுப்பு.

"கறுப்புதான் இனிமையா இருக்கு" என்றார் வருத்தத்தோடு. "ஆனா இனிமே இவங்க தொண்டையிலருந்து அந்த வெள்ளையைப் பிடுங்க முடியுமா?"

முடிந்தது. ஈஸ்டர் வரை ஆயிற்று. என் வீட்டுக்காரர் மட்டும் கடைசி வரை வெள்ளையில்தான் பாடினார், வேண்டுமென்றே என்று எனக்குச் சந்தேகம்.

என் மூத்த மகள் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டுவாள். நான் அடுப்பருகில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத எழுத்துகளை அவளிடம் கேட்டுக்கொள்வேன். ழ-வும் ற-வும் அந்தக் கிறிஸ்மஸ் தாளில் இல்லை, அவை இரண்டும் அவளிடமிருந்து வந்தவை. கொஞ்ச காலத்தில் வேதாகமத்தில் சங்கீதம் என்கிற துதிப் பாடல்களில் தெரிந்தவற்றை விரல் வைத்துப் படித்தேன். தெரியாத பகுதிகளைப் படிக்க அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆகவில்லை.

ஞாயிறு மத்தியானங்கள் நிற்கவில்லை. என்னோடு மலையில் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டைக் கூப்பிடுகிறாள் என்று கேலி செய்தவளும் அதில் ஒருத்தி. அவர்களுக்கு ஏணியை நான் சொல்லிக் கொடுத்தேன், பொட்டை அரிசிப் படியால் சொல்லிக் கொடுத்தேன், வரித் தொடக்கத்துக் குறியை முதல் நாளே காட்டிவிட்டேன்.

மழை விட்ட ஒரு மத்தியானம் நர்ஸ் புதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதே ஐந்து கோடு. ஆனால் தொடக்கத்தில் காது மாதிரிச் சுருள் இல்லை. வேறு ஒரு அடையாளம், திரும்பி நிற்கிற கொக்கி மாதிரி, பக்கத்தில் இரண்டு பொட்டு.

"இது எடது கைக்கு" என்றாள். "கீழ்ச் சத்தமெல்லாம் இதுல வரும். கோடு அதே அஞ்சுதான். ஆனா தோ இப்ப அந்த எடத்துல இல்ல."

"பெறகு எங்க இருக்கு?"

"மேல. எல்லாத்துக்கும் மேல, தனியா ஒரு துண்டுக் கோட்டுல."

நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் வாசலில் நின்றவன் கூரைமேல் ஏறிவிட்டான். கற்றது அத்தனையும் திரும்பக் கற்க வேண்டும். நான் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி சிஸ்டர், மேலயிருந்து எறங்குவோம்" என்றேன்.